ஏழு நிமிட முகம்

ஐம்பத்திரண்டு வயது வரை சுல்மா அரியேத்தாவை ஊர் உலகம் மயோனைஸ் அம்மா என்றே அறிந்திருந்தது. தலைநகர் மாந்தேவிதேயோவின் சின்னச் சின்ன அரங்குகளில் முப்பது வருடம் ராணியாக, கொலைகாரியாக, பைத்தியக்காரியாக நின்றவள். பார்க்க வந்தவர்கள் ஆட்டத்துக்கு நாற்பது பேர். அதில் பாதிப் பேர் உடன் நடித்தவர்களின் சொந்தக்காரர்கள். ஒரே ஒருமுறை விளம்பரத்தில் வந்து, உருளைக்கிழங்கு சாலட்டின் மேல் மயோனைஸைக் கரண்டியால் வழித்துப் போட்டுக் கண்ணடித்தாள். அந்தக் கண்ணடிப்புதான் நின்றது. சந்தையில் தக்காளி பொறுக்கக் குனிந்தால் கடைக்காரன் விடமாட்டான்: "சுல்மா அம்மா, ஒரே ஒரு தடவை கண்ணடிங்க, ரெண்டு பழம் கூடப் போடுறேன்."

அவளும் கண்ணடித்துவிட்டுத்தான் வருவாள். தக்காளி தக்காளிதானே.

அப்படிப்பட்டவளைத் தேடி ரோமினா வந்தாள். முப்பது வயது இயக்குநர், முதல் படம், கையில் அதிகம் எதுவும் கிடையாது. படத்தின் பெயர் 'உள்தாழ்'. கடலோர வீடொன்றில் எல்விரா என்கிற விதவை தனியாக இருக்கிறாள். கடலில் போன புருஷன் தினமும் சாயங்காலம் உள்ளறையின் பலகைச் சுவருக்குப் பின்னால் வந்து நின்று, திற திற என்று கெஞ்சுகிறான். வந்தது அவனா, அவள் புத்தி கட்டிய வேடமா என்று படம் முடியும் வரை தெரியாது. ரத்தம் கிடையாது, பேய் கிடையாது. எல்லாம் எல்விராவின் முகத்தில்தான் நடந்தாக வேண்டும்.

நடந்தது. மே மாதம் படம் வெளியானபோது ஜனங்கள் திரையரங்கை விட்டு வாய் பேசாமல் வெளியே வந்தார்கள். குறிப்பாக அந்த ஏழு நிமிடம். சுவரில் காதை வைத்துக்கொண்டு எல்விரா உட்கார்ந்திருக்கிறாள், கேமரா அசைவதில்லை, காற்றின் சத்தம் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. அந்த முகம் முதலில் பயப்படுகிறது, பிறகு பயத்தை மறக்கிறது, பிறகு ஒரு குழந்தையின் முகமாகிறது. 'பேயைக் காட்டாமலே பேய்க்காக நம்மை ஏங்க வைத்த முகம்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அர்ஜென்டினாவில் நடந்த ஒரு விழாவில் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள். மேடையிலும் பேட்டியிலும் தெருவிலும் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "அந்த ஏழு நிமிஷம் என்ன கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"காத்துதான்" என்று சொல்லிச் சிரித்து வைப்பாள் சுல்மா.

அது பொய். அவள் கேட்டது ஒரு மனிதரின் குரல்.

போன வருடம் ஜூலையில், அங்கே அது குளிர்காலம், லெச்சூசாவில் படப்பிடிப்பு. கோடையில் மட்டும் ஆள் வரும் மீனவ ஊர். புருஷனின் குரலைப் பிற்பாடு வேறொரு நடிகரை வைத்துச் சேர்த்துக்கொள்வதாகத் திட்டம். ஆனால் எடுக்கும்போது யாராவது சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து வசனத்தைப் படித்தால்தானே சுல்மா முகம் காட்ட முடியும்? உதவியாளன் ஒருவன் படித்துப் பார்த்தான். "மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று ரோமினா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் கொல்லைப்புறத்தில் யாரோ நாயை அதட்டினார்கள். கல்லும் தேனும் கலந்த மாதிரி ஒரு குரல். ரோமினா எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்குக் காவல் பார்க்கும் ஏபெர் பிந்தோஸ். அறுபத்தெட்டு வயது, முன்னாள் மீனவர், கம்பளித் தொப்பி. பெயருக்கு முன்னால் 'தோன்' என்று மரியாதை சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"படிக்கத் தெரியுமா, தோன் ஏபெர்?"

"கண்ணாடி போட்டா தெரியும். முகத்தைக் காட்டச் சொன்னா வரமாட்டேன்."

"முகமே வேண்டாம். சுவருக்குப் பின்னாடி உட்கார்ந்து மெதுவா படிச்சா போதும்."

மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐந்து வாரம் ஒரு நாள் தவறாமல் வந்தார். 'திற எல்விரா, குளிருது எல்விரா' என்று படித்தார். வந்தால் வணக்கம், போனால் வணக்கம், நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கடைசி நாள் அந்தப் பெரிய காட்சி. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுக் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு டேக் போயிற்று.

"பயம் நல்லா தெரியுது சுல்மா," என்றாள் ரோமினா. "ஆசை தெரியல. பேய் உள்ள வந்துடுமோன்னு பார்க்கிறவங்க பயப்படக் கூடாது. இவ திறந்துடுவாளோன்னு பயப்படணும்."

சுல்மா எழுந்து முதுகை நெளித்தாள். இடுப்பு கடுத்தது. பதிமூன்றாவது டேக்குக்குப் பலகையில் காதை வைத்து உட்கார்ந்தாள். அப்பால் ஏபெர் இரண்டு வரி படித்தார். காகிதம் கீழே நழுவும் சத்தம் கேட்டது. பிறகு, காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவு மெதுவாக, காதைப் பலகையில் ஒட்டியவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"திறக்க வேண்டாம் மகளே. நீ எதுக்குத் திறக்கணும்? தாழ் போட்டவன் நான்தானே..."

சுல்மா காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

அவளுக்கும் ஒரு தாழ் உண்டு. மெர்சேதெஸ் ஊரில் அவள் அப்பா அனீபல் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் நாடகக் குழுவோடு அவள் கிளம்பியபோது, "வேஷம் கட்டுறவளுக்கு இந்த வீட்ல நாற்காலி கிடையாது" என்றார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வானொலியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. தட்டத் தட்ட வானொலியின் சத்தம் கூடிக்கொண்டே போனது. இரண்டாம் பாதி முடிகிற வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அவளுக்கு முப்பத்தொன்று ஆனபோது அவர் செத்தார். ஒரு நாடகம் பார்த்ததில்லை, ஒரு கடிதம் போட்டதில்லை.

பலகைக்கு அப்பால் ஒரு அப்பன் பேசிக்கொண்டே போனார். யாருடைய அப்பனோ. ஆனால் 'மகளே' என்றார்.

ரோமினா 'கட்' சொல்லிவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். ஒளிப்பதிவாளர் மூக்கைச் சிந்தினார். ஏபெர் பெட்டியிலிருந்து எழுந்து வந்து, "என் வேலை முடிஞ்சுதா? நாய்க்குச் சோறு வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

விருது வந்த பிறகு சுல்மாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. வீடு முழுக்கப் பூங்கொத்துகள். தக்காளிக்காரன்கூட இப்போது கண்ணடிக்கச் சொல்வதில்லை. மரியாதையாகப் பையில் போட்டுக் கொடுத்தான், அது அவளுக்குப் பிடிக்கவேயில்லை. பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, காது தானாகச் சுவரைத் தேடியது. அந்தக் குரலை இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும். ரோமினாவுக்கு ஃபோன் செய்தாள்.

"அன்னைக்குப் பதிமூணாவது டேக்ல தோன் ஏபெர் பேசினது பதிவாகி இருக்கா?"

"அந்தப் பக்கம் மைக்கே வைக்கலையே. எதுக்கு? அவர் வசனத்தைத்தானே படிச்சார்?"

"ஆமா, வசனத்தைத்தான்" என்று வைத்துவிட்டாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். லெச்சூசாவில் இறங்கும்போது மூன்று மணி, தூறல். ஏபெர் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவர் மனைவி நில்தா: குள்ளமாக, உருண்டையாக, ஏப்ரனில் மாவோடு.

"அட, படத்துக்காரம்மா! நனைஞ்சுட்டு நிக்கறீங்களே, உள்ள வாங்க. ஏபெர், யாரு வந்திருக்காங்க பாரு! மழைன்னா மாவு தட்டித் தோர்த்தா பொரிக்காம இருக்க முடியாதே. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

ஏபெர் அடுப்புக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். மாத்தே இலைத்தூள் போட்ட குடுக்கையில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். சுல்மா குழலை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மேடையில் ஆயிரம் வரியை மூச்சு விடாமல் சொன்னவள்.

"தோன் ஏபெர், அந்தக் கடைசி நாள் நீங்க சொன்னது... அதுக்காகத்தான் எனக்கு விருது கொடுத்தாங்க. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?" ஊசி நிற்கவில்லை. "காகிதத்துல இருந்தத படிச்சேன் அம்மணி."

"காகிதம் கீழ விழுந்துடுச்சு."

"எடுத்துட்டேன்."

குரல் அதே குரல்தான். ஆனால் உள்ளே ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. சுல்மாவுக்கு முகம் சூடேறியது. விருது விழாவில் நானூறு பேரின் கைதட்டல் வாங்கியவள், ஒரு சமையலறையில் பிச்சைக்கு நிற்பவள் போல் கையைப் பிசைந்துகொண்டாள்.

ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது. ஏபெர் வலையை அப்படியே வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனார்.

"மக பேசுறா," என்றாள் நில்தா, எடுக்காமலே. "ரிவேராவுல இருக்கா, யனேலா. வாரா வாரம் இந்நேரம் கூப்பிடுவா. இந்த மனுஷன் எழுந்து போயிடுவாரு. ஒன்பது வருஷமா இதே கூத்துதான். இங்க மீனவர் சங்கத் தலைவர் மகனோட கல்யாணம் நிச்சயமாகி, எட்டு நாள் இருக்கும்போது இவ வேண்டாம்னுட்டா. கொடுத்த வாக்குப் போச்சுன்னு இவரு, அவ வெளிய நிக்க, கதவைத் தாழ் போட்டாரு. அவ விடியக்காலை பஸ்ஸுல போயிட்டா."

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

"உங்ககிட்ட ஏதோ பேசியிருக்காரு," என்றாள் நில்தா. குரல் தாழ்ந்தது. "அஞ்சு வாரமும் அங்கேர்ந்து வந்து நல்லா தூங்கினாரு. இந்த வீட்ல ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. அதுல ஏழு நாய்க்கு. உங்ககிட்ட என்ன சொன்னாரு? பொறாமைல கேக்கல. அவரு பேச்சுக்குப் பசிக்குது, அதான் கேக்கறேன்."

சுல்மா சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் நினைவில் இருந்தது; அதுதானே அவள் தொழில். பாதியில் நில்தா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜன்னலுக்குக் கீழயா? ஞாயித்துக்கிழமை இருமல் சத்தம் கேக்கும். பக்கத்து வீட்டுப் பூனைன்னு நினைச்சேனே, பாவி மனுஷா!"

ஃபோன் நின்று, மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை நில்தா எடுத்தாள். "இரு, உன்கிட்ட ஒருத்தங்க பேசணுமாம்" என்று சொல்லிச் சுல்மாவின் கையில் திணித்தாள்.

"அம்மா? யாரு?"

"என் பேரு சுல்மா. 'உள்தாழ்' படத்துல நடிச்சவ."

"படம் பார்த்தேன்," என்றது அந்தப் பக்கம், சந்தேகத்தோடு. "எங்க ஊர்ல எடுத்ததுன்னு போனேன். அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"அம்மா நல்லா இருக்காங்க. அந்தப் படம் எடுக்கும்போது சுவருக்குப் பின்னாடி உட்கார்ந்து படிச்சது உங்க அப்பா. அவர் சொன்னதுல கொஞ்சம் உங்களுக்கு வர வேண்டியது. தப்பி என்கிட்ட வந்துடுச்சு."

சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்குக் கீழே, ஒரு பலகையின் கனத்துக்கு அப்பால் அவர் நிற்கிறார் என்று சுல்மாவுக்குத் தெரியும். நடிக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏற்ற இறக்கம் வேண்டாம், பெருமூச்சு வேண்டாம். கடிதத்தை அடுத்தவருக்குப் படித்துக் காட்டுவது போலச் சொன்னாள்:

"'திறக்க வேண்டாம் மகளே. நீ எதுக்குத் திறக்கணும்? தாழ் போட்டவன் நான்தானே. நீ போன அன்னைக்கு விடியும்போது அந்தத் தாழைத் திருகாணியோட கழட்டிட்டேன். அதுக்குள்ள அஞ்சரை பஸ் போயிடுச்சு. அப்புறம் அந்த இடத்துல தாழே போடல. திருடன் வந்தா வரட்டும்னு விட்டுட்டேன். உங்கம்மா பேசும்போது நான் எழுந்து போறேன்னு உனக்குக் கோபம். எங்கேயும் போகல, ஆள்காட்டி. ஜன்னலுக்குக் கீழதான் நிக்கறேன். நீ பேசறது கேக்காது. உங்கம்மா சிரிக்கறது கேக்கும். அத வச்சு நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன்.'"



"இது அவரு சொன்னதா?" என்றாள் யனேலா. குரல் கடினமாக இருந்தது. "இல்ல, நீங்க நடிக்கறீங்களா? தப்பா நினைக்காதீங்க. படத்துல நீங்க அழுதப்போ நானும் அழுதேன். உங்கள எப்படி நம்பறது?"

அப்போதுதான் விருதின் கனம் சுல்மாவுக்கு உறைத்தது. உண்மை சொன்னாலும் நன்றாக நடிக்கிறாள் என்பார்கள்.

"இத எழுதற அளவுக்கு எனக்குத் திறமை இருந்திருந்தா, நான் எதுக்கு மயோனைஸ் வித்துக்கிட்டு இருந்திருப்பேன்?"

யனேலா சிரிக்கவில்லை. "ஆள்காட்டின்னு என்னைக் கூப்பிடறது அவரு ஒருத்தர்தான்," என்றாள் மெல்ல. "சின்ன வயசுல யாரு வந்தாலும் வாசல்ல நின்னு கத்துவேனாம், அந்தக் குருவி மாதிரி. அம்மாகூட அப்படிக் கூப்பிட மாட்டா."

"அப்போ அவரையே கேளுங்க. இங்கதான் நிக்கறாரு."

நில்தா காத்திருக்கவில்லை. ஜன்னலை முழுக்கத் திறந்தாள். கீழே, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட ஏபெர் நின்றிருந்தார். திருடனைப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அவர் ஓடவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அத்தனையும் கேட்டிருந்தார். நில்தா ஃபோனை வாங்கி, வயிறு ஜன்னல் கட்டையில் அழுந்த எக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"வாங்கறியா, இல்ல இதத் தலையிலேயே போடட்டுமா?"

வாங்கினார். காதில் வைத்தார். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. மூன்றாவது முறை குரல் வந்தது.

"பஸ் நேரத்த மாத்திட்டாங்க," என்றார். "ரிவேராலேர்ந்து வர்றவங்க இப்போ தலைநகருக்குப் போய் வர வேண்டியதில்ல. சனிக்கிழமை ஒண்ணு நேரா வருது. ஆறு மணிக்கு."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஏபெர் கேட்டுக்கொண்டே நின்றார். மழையில் ஒரு கிழவன் அழுதால் வெளியே தெரியாது என்று சொல்வார்கள், நன்றாகவே தெரிந்தது.

சுல்மா சத்தமில்லாமல் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியேறினாள்.

யனேலா அந்தச் சனிக்கிழமை வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. ஒன்பது வருடத்தை ஒரு ஃபோன் விழுங்கிவிடுமா என்ன? அக்டோபரில் நில்தா கூப்பிட்டுச் சொன்னாள்: மீனவர் சங்கக் கூடத்தில் படத்தைப் போடப் போகிறார்கள், யனேலா வருகிறாள், நீங்களும் கட்டாயம் வர வேண்டும்.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வெள்ளைத் துணி. சுல்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மூன்றாவது வரிசையில் ஏபெர், ஒரு நாற்காலி காலியாக விட்டு யனேலா. அவளுக்கு முப்பத்தொன்று இருக்கும், அப்பாவின் அதே மூக்கு. ஏபெர் அதுவரை படத்தைப் பார்த்ததில்லை. அந்த ஏழு நிமிடம் வந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இருட்டில் பேசிய வார்த்தைகள் மறுபக்கம் ஒரு முகத்தில் என்ன செய்தன என்பதை அவர் முதன்முதலாகப் பார்த்தார். யனேலா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, நடுவில் கிடந்த காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

படம் முடிந்து எல்லோரும் சுல்மாவைச் சூழ்ந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஏபெர் வந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நீங்க யாரை நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. என்ன கேட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள். யாரை என்று கேட்கவில்லை.

"எங்க அப்பாவை."

"இருக்காரா?"

"இல்ல."

ஏபெர் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றைக் காட்டினார். "சொல்லுங்க," என்றார். "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவள் சொன்னாள். அப்பா கடையின் சுழல் நாற்காலி, கத்தி தீட்டும் தோல்வார், காது மடலுக்குப் பின்னால் முடி வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம், மேலே வீசும் வாசனைத் தைலம், ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து. ஏபெர் குறுக்கே பேசாமல் கேட்டார். வெளியே நில்தாவும் மகளும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்தால் நெஞ்சு லேசாகும் என்று சுல்மா நினைத்திருந்தாள். ஆகவில்லை. அப்பா ஒரே ஒரு தடவை, கடைசி வரிசையிலாவது, தொப்பியைக்கூடக் கழற்றாமல், வந்து உட்கார்ந்து தன்னைப் பார்த்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு முன்னைவிட அதிகமாகத்தான் ஏங்கியது.